ஒரு அடி உயரம்

படகு வண்டியின் அச்சு மணலில் தட்டுகிறதென்று அப்பா பெரிய டயர் மாட்டி, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்து, வண்டியை ஒரு அடி உயர்த்திவிட்டார். "இனி எந்த மேட்டுலயும் இடிக்காதுல!" என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜெபஸ்டின் மட்டும் வண்டியின் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டிராக்டர் வண்டியைப் பின்னோக்கிக் கடலுக்குள் தள்ளும்போது கூடவே இறங்கி, படகு மிதந்த பிறகு அதை வண்டியோடு பிணைத்த பின்கயிற்றை அவிழ்ப்பது அவன் வேலை. இதுவரை நெஞ்சளவு தண்ணீரிலேயே படகு மிதந்துவிடும். இனி இன்னும் ஒரு அடி ஆழம் போகவேண்டும். நெஞ்சுக்கு மேல் ஒரு சாணும் நாலு விரலும் வைத்துப் பார்த்தான். மூக்கைத் தொட்டது.

அன்றிரவு அக்கா செல்மாவை எழுப்பி, "எக்கா, எனக்கு நீச்சு தெரியாது" என்றான்.

"போ ல, கடக்கரையில பொறந்துட்டு!" சிரித்தவள், அவன் கை சில்லிட்டிருப்பது தெரிந்ததும் நிறுத்தினாள். "அப்பாட்ட சொல்லுவமா?"

"வேண்டாம்க்கா. ஊரே சிரிக்கும்."

விடிவதற்கு முன்பே வாசலில் டிராக்டர் உறுமியது. "ஜெபஸ்டி, எந்திரில, நேரமாச்சு" என்றார் அப்பா.

அவனுக்கு முன்னால் அக்கா எழுந்துபோய் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.