எழுதும் உரிமை

"படிக்கலாம் அக்கா. எழுதத்தான் கூடாது."

கலியாணசுந்தரம் இப்படிச் சொல்லும்போதெல்லாம் கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவள் அவள். இவனோ நேற்று மீசை முளைத்தவன். சங்கத்துச் செயலாளர் ஆகிவிட்டால், பேனா இவன் பாட்டன் சொத்தா?

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் ஆட்களுக்குக் குடியுரிமை வாங்கித் தர, சங்கம் ஒரு பதிவேடு வைத்திருந்தது. ஒன்றல்ல, மூன்று. கமலவேணி பார்த்துக்கொள்ளும் காஜா பேராங் கிளையில் ஒன்று, பண்டார் ஹிலிரில் ஒன்று, கிளேபாங்கில் ஒன்று. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் மற்றது பேசும். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்துக் காகிதமெல்லாம் சாம்பலான பிறகு வந்த புத்தி.

மூன்றின் அட்டையிலும் ஒரே சீட்டு: 'படிக்க: யாவரும். எழுத: கலியாணசுந்தரம் மட்டும்.'

வெள்ளிக்கிழமைதோறும் அவனே சைக்கிளில் மூன்று இடத்துக்கும் போய், வரி வரியாகச் சரிபார்ப்பான்.

"நாட்டையே விட்டுட்டுப் போயிட்டான் வெள்ளைக்காரன். நீ ஒரு பேனாவை விட மாட்டேங்கிறியே தம்பி!" என்பாள் கமலவேணி.

அவன் சிரிக்கக்கூட மாட்டான்.

அன்று மாலை அவன் கிளேபாங் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து அஞ்சலை ஓடிவந்தாள். சந்தியில் இடியாப்பம் விற்பவள்.

"டீச்சரம்மா, நாளைக்குக் காலையில கவர்மெண்டுப் பெரியவர் வந்து புஸ்தகத்தை முடிச்சிடுறாராமே! வீட்டுக்காரருக்குப் பதிவு ஆயிருச்சு, புள்ளைங்களுக்கும் ஆயிருச்சு. நான் மட்டும் என் வீட்டுலயே வெளியாளா நிக்கணுமா?"

"பிறப்புச் சூராட் இருக்கா?"

"அது இருந்தா இப்படி ஓடிவருவேனா?"

பிறப்புக் காகிதம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பெயருக்குப் பக்கத்தில் 'இவரை நேரில் அறிவேன்' என்று சங்கத்து ஆள் எழுத வேண்டும். அஞ்சலை தோட்டத்து லயத்தில் பிறந்த அன்று, அடுப்பு ஊதி வெந்நீர் காய்ச்சிக் கொடுத்ததே கமலவேணிதான். இதைவிட நேரில் அறிவது வேறு என்ன?

பதிவேட்டைத் திறந்தாள். எழுதினாள். கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை. அப்படியே மூடிவிட்டாள்.

மறுநாள் காலை மூன்று பதிவேடுகளும் ஒரே மேசையில் கிடந்தன. மலாய்க்கார அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும்.

"இதில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். மற்ற இரண்டிலும் முந்நூற்றுப் பதினொன்று." கண்ணாடியைக் கழற்றினார். "யார் எழுதியது? உங்கள் புத்தகத்தில் கண்டவர்களும் கை வைப்பார்கள் என்றால், மூன்றையுமே தள்ளிவிடுவேன்."

கமலவேணி மேசைப் பக்கம் வந்தாள். ஒருத்திக்காக அத்தனை பேரின் தலையிலும் மண்ணா? வாயைத் திறக்கப் போனாள்.

"நான்தான் எழுதினேன், துவான்," என்றான் கலியாணசுந்தரம்.

அதிகாரி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மேலே எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. கடைசி வரி மட்டும், கடைசிப் பெஞ்சுக்கும் தெரியும்படி குண்டு குண்டாக.

"இது வேறு கையாக இருக்கிறதே?"

"நேற்று சைக்கிளிலிருந்து விழுந்துட்டேன், துவான். மணிக்கட்டு பிசகிப்போச்சு."

"மற்ற இரண்டிலும் ஏன் இல்லை?"

"இதோ, துவான்."

பேனாவைத் திறந்தான். இல்லாத வலிக்கு முகத்தைச் சுளித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, கமலவேணியின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக எழுதினான். பிறகு மூன்றிலும் கையெழுத்துப் போட்டான்.

அதிகாரி மறுபடி எண்ணினார். முத்திரை குத்தினார். "எண்ணெய் போட்டு உருவுங்கள்," என்று பரிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கார் சத்தம் ஓய்ந்ததுதான் தாமதம், கலியாணசுந்தரம் வெடித்தான்.

"அக்கா! என்னைக் கேக்காம எப்படி எழுதலாம்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கும் ரோஷம் வந்தது. "நான் என்ன பொய்யா எழுதினேன்? அவ பொறந்தப்ப பக்கத்துல நின்னவ நான்."

"பொய்யின்னு எவனாவது கிளப்பிவிட்டா, எழுதினவங்களைத்தான் ஜெயில்ல போடுவாங்க. போறதுக்கு நான் ஒருத்தன் போதாதா? அதுக்குத்தானே யாரையும் எழுத விடாம வச்சிருக்கேன்!"

கமலவேணி திகைத்துப்போனாள். "நீ ஏன் தம்பி ஜெயிலுக்குப் போகணும்? நாப்பது பேருக்கு 'நேரில் அறிவேன்'னு எழுதியிருக்கே. அதே மாதிரிதானே நானும் ஒருத்திக்கு எழுதினேன்?"

அவன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்களுக்காவது அஞ்சலையைத் தெரியும். அந்த நாப்பது பேர்ல ஒருத்தரைக்கூட எனக்கு முன்னே பின்னே தெரியாதுக்கா!"