பட்டனைச் சுற்றி ஒரு பார்டர்

"ஒரு வாரமா ஆபீஸ் போய், ஒரு பட்டனைச் சுத்தி கோடு போட்டிருக்க. அப்படித்தானேம்மா?"

மாமனார் மருமகளின் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"கோடு இல்ல மாமா. கிரேடியன்ட் பார்டர். இந்தப் பக்கம் நீலமா ஆரம்பிச்சு, அந்தப் பக்கம் போகும்போது ஊதாவாயிடும். எங்க மாறுதுன்னே தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்குப் போடணும்?"

கணவன் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தான். புரையேறியது.

மருமகள் அதிகம் பேசுகிறவள் இல்லை. வேலையைப் பற்றி என்றால் மட்டும் கொஞ்சம் வாய் திறப்பாள்.

"பார்டருக்கு நேரா ரெண்டு கலர் கொடுக்க முடியல மாமா. அதனால பின்னாடி முழுசா கலர் மாறுற ஒரு பெட்டி வைக்கணும். அது மேல, கொஞ்சம் சின்னதா ஒரு வெள்ளைப் பெட்டி. சுத்தி மிச்சம் தெரியுதே, அதுதான் பார்டர்."

"அவ்வளவு கலரையும் போட்டு, மூடியும் வச்சிருக்க. நல்ல வேலை."

முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கணக்கைச் சரியாகப் போட்ட பையனிடமும் "எழுத்து ஏன் சாயுது?" என்று கேட்டே ரிட்டயர் ஆனவர்.

"மூலை வேற தடிச்சு நிக்குது," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அறைக்குள் போய்ப் பார்த்தாள். உண்மைதான். வெளிப் பெட்டிக்குக் கொடுத்த வளைவையே உள் பெட்டிக்கும் கொடுத்திருந்தாள். மூலைகளில் மட்டும் பார்டர் வீங்கியிருந்தது. உள் வளைவைக் குறைத்தாள். சரியாயிற்று. ஆனால் அவரிடம் போய்க் காட்டவில்லை. காட்டினால் இன்னொரு குறை கிடைக்கும்.

வீட்டிலிருந்தே மருந்து வாங்குவதற்கான ஆப் அது. புதிது. ஊரில் கொஞ்சம் பேரிடம்தான் இருந்தது. அதில் 'உதவி' என்ற பட்டனை அமுக்கினால் ஆபீஸிலிருந்து ஒரு பெண் பேசுவாள். அந்தப் பட்டனின் பார்டர்தான், மருமகள் வேலையில் சேர்ந்த பிறகு முழுக்க அவள் கையால் ஆகி, ஜனங்களின் போனுக்குப் போன முதல் வேலை.

அது வெளியான மறு வாரமே டீம் லீடர் கூப்பிட்டார்.

"உன் பார்டர் வந்ததிலிருந்து உதவிக்கு வர்ற கால் எகிறிடுச்சு. எடுத்தா யாரும் பேசறதில்லையாம். பளபளன்னு இருக்கவும் கை தானா போயிடுது போல. பழைய சாம்பல் கலர் கோட்டையே போட்டுடலாம்."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே சார்?"

"நல்லாத்தான் இருக்கு. அதுதானே இப்போ பிரச்சனை!"

அவள் கிளம்பாமல் நின்றாள்.

"எடுத்துடறதுக்கு முன்னாடி, அந்தக் காலெல்லாம் ஒரு தடவை கேட்டுப் பார்த்துடலாமா சார்?"

அந்த அறையில் அவள் அதுவரை பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

கால் எடுக்கும் பெண் பதிவுகளை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், சொல்லுங்க... ஹலோ? கேக்குதா?"

பதில் இல்லை. எங்கோ தள்ளி ஒரு பெரியவர், "இதுல என்ன சார் இருக்கு?" என்றார்.

அடுத்தது வேறு நம்பர். வேறு ஆள். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே!"

ஒவ்வொரு காலும் ஒவ்வொரு நம்பரிலிருந்து. ஆனால் எல்லாருக்கும் பதில் சொன்ன குரல் ஒன்றுதான்.

"வாக்கிங் எங்கயும் போயிடாது, கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க சார். நீலம் எங்க முடியுது, ஊதா எங்க ஆரம்பிக்குது? விரல் வச்சுக் காட்டுங்க பார்ப்போம். ம், அழுத்தி வைங்க... முடியாது! மூலையைப் பாருங்க, மூலையை. நூல் பிசகல. எங்க வீட்டு மருமக போட்டது!"

"ஹலோ... ஹலோ..." என்று கால் எடுத்த பெண் கத்திக்கொண்டே இருந்தாள். அங்கே யாருக்கும் அது காதில் விழவில்லை.

அறையே சிரித்தது.

"யாருப்பா இந்த மனுஷன்?" என்றார் டீம் லீடர். "வாக்கிங் வர்றவங்க போன்ல எல்லாம் நம்ம ஆப்பை ஏத்தி விட்டிருக்காரு! நம்ம விளம்பரக் கம்பெனிகூட இவ்வளவு செய்யல."

மருமகள் தலை நிமிர்ந்தாள்.

"எங்க மாமனார் சார்."

சொல்லும்போது காது வரை சிவந்திருந்தாள். குரல் மட்டும் இறங்கவில்லை.

பார்டர் பிழைத்தது. கூடவே அவள் ஒரு சின்ன மாற்றமும் செய்தாள். இனி பட்டனை அமுக்கியதும் கால் போகாது. 'பேச வேண்டுமா?' என்று முதலில் கேட்கும்.

அப்டேட் வந்த அன்று சாயங்காலம் மாமனார் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இது என்ன புதுசா? நடுவுல வந்து கேள்வி கேக்குது?"

"உதவி கேக்கறதுக்கு இல்லாம, சில பேர் சும்மா அந்த பார்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறாங்களாம் மாமா. கால் போயிடுது. அதான்."

மாமனார் போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேலையத்த ஜனங்க!" என்றார்.