வீட்டுக்கு ஒரு இறகு

"கோடு போடறதையும் கோணலா போட்டுட்டு, குடை புடிச்சிக்கினு வேற உக்காந்துகீறாரு பாரு!"

ரைஸ் மில் முதலாளியைப் பற்றிக் கங்கம்மாள் சொன்னதில் நியாயம் இருந்தது. அருள்நாதனுக்கும் ஆத்திரம்தான்.

அருள்நாதன் ஸ்ரீபெரும்புதூரில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவன். பக்கத்திலிருக்கும் தன் ஊரில் பென்னலூர் கலைக்குழுவை ஆரம்பித்தவனும் அவன்தான். எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில் ஏரி வறண்டு கிடந்ததைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. ஏரி முழுக்கச் சுண்ணாம்புத் தூளால் ஒரே ஒரு பறவை. வீட்டுக்கு ஒரு இறகு. சர்ச் தெரு, கோயில் தெரு, காலனி என்ற பேச்சே கிடையாது.

"இத்த யாரு பாக்கப் போறா?" என்று சிரித்தார்கள்.

"மீனம்பாக்கத்துக்குப் போற பிளேனு நம்ம ஏரி மேலதானே போவுது? அதுல கீறவங்க பாப்பாங்க."

அவ்வளவுதான், ஊரே கிளம்பிவிட்டது. ஆகாயத்திலிருந்து யாரோ தன் இறகைப் பார்க்கப்போகிறார் என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்!

அருள்நாதன் முளை அடித்து, கயிறு கட்டி வழி காட்டினான். எல்லா இறகும் அழகாக வளைந்து வந்தன, ரைஸ் மில் நரசிம்மனுடையதைத் தவிர. அது பாதி வரை ஒழுங்காக வந்து, விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி திடீரென்று ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு போனது. அதோடு விட்டாரா? சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு, குடையும் கையுமாகக் காவல் இருந்தார்.

"மொதலாளி, கயிறு போற வழியா போட்டிருக்கலாமே?"

"சுண்ணாம்பு யாரு குடுத்தது?"

"நீங்கதான்."

"அப்போ என் இஷ்டம். கிட்ட வராத, போ!"

தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவி ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. ஆளைக் கண்டால் கத்துவதுதான் அதன் பிழைப்பு. ஊரே ஏரியில் நிற்கும்போது பாவம், அது வேறென்ன செய்யும்?

"துட்டு இருந்தா கோணலும் நேராயிடுமா? அவரு திருத்தற வரைக்கும் நானும் போட மாட்டேன்" என்று கங்கம்மாள் சுண்ணாம்பு டின்னைக் கீழே வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வைத்தார்கள். ஊர் இப்படி முறைத்துக்கொண்டால் பறவைக்கு ஒற்றைச் சிறகுதான் மிஞ்சும். அருள்நாதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் நரசிம்மன் சாப்பிடப் போன சமயம், சுண்ணாம்பு டின்னோடு ஓடினான். கயிற்றின் வழியே புதுக் கோடு இழுத்துவிட்டால் சண்டை தீர்ந்தது. குனிந்தான்.

குருவி அவன் தலையை உரசிக்கொண்டு பாய்ந்தது. பதறி ஒதுங்கியபோதுதான் பார்த்தான். கயிற்றுக்கு நேர் கீழே, வெறும் தரையில், மண்கட்டி நிறத்தில் நாலு முட்டை. ஒரு கைச் சுண்ணாம்பு விழுந்திருந்தால்...

ஏரி அளவுக்குப் பறவை வரையத் துணிந்தவன், அந்த நாலு முட்டைகளின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"பாத்துட்டியா?" பின்னால் நரசிம்மன் நின்றிருந்தார். "எழுந்து வா. அது வந்து உக்காரணும், வெயில்ல முட்டை வெந்துடும். யார்கிட்டயும் மூச்சு வுடாத. சொன்னா ஊரே வேடிக்கை பாக்க வரும். மிதிக்கறவன் மிதிப்பான், எடுக்கறவன் எடுப்பான்."

"எல்லாரும் உங்களைத் திட்றாங்களே மொதலாளி!"

"திட்டட்டும்யா. திட்டினா நான் ஒடஞ்சா பூடுவேன்?"

அன்று மாலை அருள்நாதன் வீடு வீடாகப் போய், இறகை முடித்துத் தரச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். மறுநாள் பறவை முடிந்தது. பறவையைப் பார்க்க, புதிதாகக் கட்டிய உயரமான தண்ணீர்த் தொட்டியின் மேல் முறைபோட்டு ஏறினார்கள்.

கரைக்குக் கரை சிறகு விரித்து, இப்போதே எழும்பிவிடும் போல வெள்ளை வெளேரென்று கிடந்தது பறவை. தினம் மாடு மேய்த்த ஏரியா இது!

"அதோ என் எறகு!" என்றாள் கங்கம்மாள். கண்ணில் நீர் வழிந்தது. அப்புறம்தான் அந்தக் கோணல் அவள் கண்ணில் பட்டது. "இவ்ளோ அழகுல அந்த ஒண்ணு மட்டும்..." என்று நரசிம்மன் பக்கம் திரும்பினாள்.

"அவரு மேல தப்பு இல்லக்கா" என்றான் அருள்நாதன். "நான்தான் கயிறைத் தப்பான எடத்துல கட்டிட்டேன்."

எல்லோரும் அவனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். அதில் நரசிம்மன் குரல்தான் பெரிசாகக் கேட்டது.

"ஒரு கயிறு ஒழுங்கா கட்டத் தெரியல, நீயெல்லாம் இன்னாய்யா ஆர்ட்டிஸ்டு!"

சொல்லிவிட்டு, மற்றவர்கள் இறங்குவதற்குள் குடையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று ஏரிப் பக்கம் கிளம்பினார்.