கதவோர நாற்காலி

தூத்துக்குடி. 2018 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. குடிமீட்பு மையத்தின் மாடி அறையில் ஏழு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது நாற்காலியில் ஆலோசகரான அவள்.

சண்டைக்காகக் காத்திருந்தாள்.

முதல் இரண்டு வாரமும் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் "ஆமா மேடம்."

அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளாமல் எந்தக் குழுவும் குழுவாவதில்லை. படித்திருக்கிறாள். பார்த்தும் இருக்கிறாள்.

அந்தச் சண்டை இசக்கிராஜா மேல் வந்து விழும் என்று மட்டும் நினைக்கவில்லை.

ஆட்டோ ஓட்டுகிறவன். இருப்பவர்களில் இளையவன். மூன்று வாரமாகக் குடியைத் தொடவில்லை. இன்னொரு முறை குடித்தால் மனைவி பிள்ளையோடு தாய்வீட்டிலேயே இருந்துவிடுவாள். வந்த நாள் முதல் கதவோர நாற்காலியில்தான் உட்காருவான்.

"எல, கதவுக்குக் காவலா நீ?" என்றார் கொர்னேல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "இல்ல, நாளைக்கி சுதந்திர தினம், கட லீவு. இன்னைக்கே வாங்கி வச்சிரலாம்னு பாக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

இசக்கிராஜா எழுந்தான். நாற்காலி சாய்ந்தது. வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

அவள் பாதி எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

பின்னால் ஓடக் கூடாது. போனவனை என்ன செய்வதென்று குழுதான் முடிவு செய்ய வேண்டும். அவளே வைத்த விதி.

சன்னல் வழியே தெருமுனை தெரிந்தது. இடப்பக்கம் பேருந்து நிறுத்தம். வலப்பக்கம் மதுக்கடை.

கொர்னேல் வாசலுக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"எஞ்செருப்ப மாட்டிட்டுப் போயிட்டான் மேடம்."

யாரும் சிரிக்கவில்லை.

மிச்சம் கிடந்த ஜோடி சின்னது. ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அதற்குள் விரல்களைத் திணித்துக்கொண்டு இறங்கினார். குதிகால் வெளியே நின்றது.

முனையில் இசக்கிராஜா நின்றிருந்தான், தன் கால்களைப் பார்த்தபடி.

வலப்பக்கம் திரும்பினான்.

"லேய் இசக்கி!" கொர்னேலின் குரல் மாடிவரை கேட்டது. "நில்லுல! எம்மவ வாங்கித் தந்த செருப்பு அது. அதப் போட்டுக்கிட்டு அங்க போவாத."

அறையில் யாரோ சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தினார்கள்.

வெகுநேரம் கழித்துப் படியில் இரண்டு பேரின் காலடி.

கதவோர நாற்காலியில் கொர்னேல் உட்கார்ந்துகொண்டார். இசக்கிராஜாவுக்கு உள்ளே அவருடைய இடம்தான் மிச்சமிருந்தது.

கூட்டம் ஏழு மணிக்கு முடிந்தது. செருப்பை மாற்றிக்கொள்ளாமலே இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.