எட்டுப் புள்ளிகள்

காரக்கோல் ஊரின் கணினிக் கடைச் சன்னலில் மத்தியானப் பனிவெளிச்சம் வெளுத்துக் கிடக்கிறது. கணவனின் மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு, புருல்சா கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். கணவன் தாலாய், சட்டைப் பையில் செல்போனோடு ஏரியில் மூழ்கி இறந்து நாற்பது நாள் ஆகிறது. தினமும் காலையில் அவள் திறந்து படிக்கிற அவனுடைய மின்னஞ்சல் நேற்றிலிருந்து திறக்கவில்லை. திரையில் ஒரு வட்டம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. "பழைய குப்பை சேர்ந்துபோச்சுக்கா. பிரவுசரைத் துடைச்சு விட்டா சரியாயிடும்," என்கிறான் பழுது பார்க்கும் ஸிமிக். அவள் தலையாட்டுகிறாள். பிரவுசர் சேமித்து வைத்தவற்றின் பட்டியலில் அவன் எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டு அழிக்கிறான். அவள் தொடாத தேநீரில் பாலேடு படிகிறது. பக்கம் சட்டென்று திறக்கிறது. "பாத்தீங்களா! பாஸ்வேர்டு போடுங்கக்கா." எப்போதும் எட்டுக் கரும்புள்ளிகள் நிற்கும் பெட்டி காலியாக இருக்கிறது. அவள் அதையே பார்க்கிறாள். "நான் போட்டதே இல்லப்பா. அவர் போட்டு வச்சதுதான், அதுவா வந்து நிக்கும்."