கடத்தப்பட்ட மாப்பிள்ளை

துப்பாக்கி முனை கழுத்தில் அழுந்தியதும் ஜினோ கண்களை இறுக மூடிக்கொண்டான். கழுத்து, திரையிலிருந்த கப்பல் கேப்டனுடையது. வியர்வை மட்டும் ஜினோவுடையது.

“மருமவனே, இப்பிடித்தான் வச்சானுவளா?” பக்கத்து இருக்கையிலிருந்து ரசலையன் கேட்டார். பாதித் தியேட்டர் திரும்பிப் பார்த்தது.

“இதவிட மோசம், மாமா.”

“சோறு?”

“நெனச்சா தருவானுவ. போனயும் புடுங்கி வச்சிட்டானுவ.”

ரசலையன் முன்வரிசைக்காரரின் தோளைத் தட்டினார். “எனக்க மருமவனாக்கும். கப்பல் வேலைக்குப் போன எடத்துல கொள்ளக்காரனுவ புடிச்சு மாசக்கணக்கா கெட்டிப் போட்டிருந்தானுவ. பய அசரல்லியே!”

அசராத பயல் இந்தப் படத்துக்கு வராமலிருக்கவே பார்த்திருந்தான். வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தான். முதல் நாளே குடும்பத்தோடு டிக்கெட் எடுத்திருந்த மாமா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாவதும் கடைசியுமான முறையாக வாசித்துவிட்டால், அடுத்த வாரம் லிஜா அவனுக்கு. ரசலையன் மகளைத் தருவதே அந்த அசராத நெஞ்சுக்காகத்தான். முன்பு பெண் பார்க்க வந்த பேங்க் மாப்பிள்ளையை, அலையைக் கண்டு பின்னால் நகர்ந்தான் என்பதற்காகக் குளச்சல் கடற்கரையிலிருந்தே பஸ் ஏற்றிவிட்டவர் அவர்.

“பயமா இருக்கா? வெளிய போவமா?” இந்தப் பக்கமிருந்து லிஜா மெதுவாகக் கேட்டாள்.

“ஒண்ணுமில்லட்டி.”

ஆனால் கை தானாகச் சட்டைக்குள் போய் உத்தரியத்தைப் பிடித்துக்கொண்டது. மாதா படம் தைத்த அந்தத் துணித் துண்டுகளைக் கப்பலுக்குப் புறப்பட்ட அன்று லிஜாதான் அவன் கழுத்தில் போட்டுவிட்டாள். கயிறு இற்றிருந்த இடத்தைப் பச்சை நூலால் தைத்தும் கொடுத்தாள். “என்ன ஆனாலும் கழத்தப்புடாது” என்று சத்தியமும் வாங்கினாள். அவன் இன்றுவரை கழற்றியதில்லை.

திரையில் கடற்படை வந்துவிட்டது. முகத்தில் துணி சுற்றிய கொள்ளைக்காரர்கள் மேல்தளத்துக்கு ஓடினார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து ஜினோவின் செருப்பு காணாமல் போனது.

குனிந்து தேடினான். துப்பாக்கிகள் வெடித்தன, யாரோ தொப்பென்று கடலில் விழுந்தான், தியேட்டர் விசிலடித்தது. எல்லாம் ஓய்ந்த பிறகுதான் செருப்பு கிடைத்தது.

விளக்குகள் எரிந்தன. லிஜாவின் அம்மா ராகேல் கண்ணைத் துடைத்தபடி அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். “எம்புட்டு பாடு பட்டிருக்கு எம்புள்ள!” ரசலையன் மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் நடந்தார். ஜினோவுக்கு மூச்சு திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைக்கு இனி ஆபத்தில்லை.

படியிறங்கும்போது லிஜா அவன் காதருகே வந்தாள்.

“குண்டடி பட்டு விழுந்த கொள்ளக்காரனுக்க கழுத்துல, நான் தச்ச பச்ச நூலு கெடக்கே?”