நூர்ஜான் செய்த தப்பு

“மறுபடியும் நின்னுருச்சா?” என்றார் மெய்யநாதன்.

நின்றேதான் விட்டது. கல்யாணப் படத்தைத் திறந்தால் நீலக்கோடு நாற்பத்திரண்டு பர்சென்ட் வரை ஜோராக ஓடி வருகிறது. அதற்கு மேல் அடம். மவுஸும் அசைவதில்லை. காலையிலிருந்து இது நாலாவது தடவை.

மெய்யநாதனுக்குப் பினாங்குத் தீவில், பினாங்கு ஸ்ட்ரீட்டில் வீடியோ கடை. டேப்பிலிருந்து டேப்புக்கு வெட்டி ஒட்டுவதை விட்டுவிட்டு, போன வருஷம், தொண்ணூற்றேழில்தான், கம்ப்யூட்டர் எடிட்டிங்குக்கு மாறியிருந்தார். எடிட்டர் நூர்ஜான். பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஆறு வருஷம் போர்டு சோதித்துவிட்டு வந்தவள்.

எதிரே கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு யோகலட்சுமி. மகள் கல்யாணத்தன்று அவர் கணவர் அப்புத்துரை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னும் அங்கேதான். நாளைக் காலையில் ஆபரேஷன். அதற்குள் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார் மனுஷர். ரூமுக்கு வீடியோ பிளேயர்கூடப் போய்விட்டது. டேப்தான் போகவில்லை.

“எடிட் பண்ணாத டேப் எண்டாலும் தாங்கோ தம்பி. அவர் என்ன குறையா சொல்லப்போறார்?”

மெய்யநாதன் கழுத்தைச் சொறிந்தார். கேமரா டேப்பை அழித்து அதிலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்தாகிவிட்டது. எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். அப்புத்துரை பார்க்க வேண்டிய தாலி இப்போது இந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருக்கிறது. இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கோபம் நூர்ஜான் பக்கம் திரும்பியது.

“முந்தாநாள் நல்லாத்தானே லா ஓடுச்சு. நேத்து ஆயுத பூசை போட்டதோட கடை லீவு. கடைசியா இதுல உக்காந்தது யாரு?”

“நான்தான் அண்ணே.”

“அப்ப நீதான் எதையோ அமுக்கிக் கெடுத்து ரோசாக் ஆக்கிட்டே.”

“எதுன்னுதான் பாக்கறேன் அண்ணே.”

சும்மா சொல்லக்கூடாது, ரெண்டு பேர் முதுகுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டும் அந்தப் பெண் பதறவில்லை. நானாக இருந்தால் ஸ்கிரீனை இரண்டு தட்டு தட்டியிருப்பேன்.

அதே சாஃப்ட்வேரில் காலியாகப் புதுப் படம் ஒன்றைத் தொடங்கிப் பார்த்தாள். உடனே திறந்தது.

“சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு அண்ணே.”

அடுத்து, காட்சிகள் இருந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினாள். தேடுகிற காட்சி அகப்படாவிட்டால், கல்யாணப் படம் காலியாகவாவது திறக்கும் அல்லவா? திறந்தது. நாற்பத்திரண்டு, அறுபது, நூறு. ஆனால் ஸ்கிரீன் முழுக்கக் கறுப்புக் கட்டங்கள்.

“ஐயோ, எல்லாம் போயிட்டுதோ?” யோகலட்சுமி எழுந்தே விட்டார்.

“போகல ஆண்ட்டி. படம் பத்திரமா இருக்கு. இது தேடுற இடத்துல இல்ல, அவ்வளவுதான்.”

ஃபோல்டருக்குப் பழைய பெயரையே வைத்துவிட்டு, ஒவ்வொரு காட்சியாகத் திறந்து பார்த்தாள். முதல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டியது இரண்டாவதில் இருந்தது. இரண்டாவதில் இருக்க வேண்டிய வேறு யாருடைய கல்யாணமோ முதலாவதில் இருந்தது. இரண்டிலும் காட்சிகளுக்கு ஒரே பெயர்கள். வேறொரு வீட்டு மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் இத்தனை நேரம் முழித்திருக்கிறது.

பவரை அணைத்தாள். ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். விரல் நுனியால் தொட்டு மோந்து பார்த்தாள். அப்புறம் கையை விட்டு எதையோ பிடுங்கி, எதையோ செருகி, மூடியை மூடினாள்.

இந்தத் தடவை நீலக்கோடு எங்கேயும் நிற்கவில்லை. நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டினார். யோகலட்சுமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“என்னதான் ஆச்சு?” என்றார் மெய்யநாதன்.

“என் தப்புதான் அண்ணே. முந்தாநாள் தூசி தட்டும்போது உள்ள ஒயர மாத்திச் செருகிட்டேன்.”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

“அறிவிருக்கா உனக்கு? ஒரு பெரிய மனுஷர் உயிரக் கையில பிடிச்சுட்டுக் காத்திருக்காரு. நீ விளையாடிட்டு இருக்கே!”

யோகலட்சுமியும் கண்ணைத் துடைத்தபடி தன் பங்குக்குச் சொன்னார். “தம்பி, இந்த மாதிரி வேலைக்குக் கொஞ்சம் பொறுப்பான ஆளா வையுங்கோ.”

நூர்ஜான் தலையாட்டினாள். டேப்பைப் போட்டு ஒரு மணி நேரம் பதிவு பண்ணி, சூடு ஆறுவதற்குள் கவரில் போட்டு, மினி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் யோகலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டும் வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாம். முதல்நாள் அப்புத்துரை அந்தத் தாலி கட்டும் இடத்தையே மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னாராம்.

போனை வைத்த மெய்யநாதன், சந்தோஷத்திலும் புத்தி சொல்ல மறக்கவில்லை.

“ஏதோ சாமி புண்ணியத்துல தப்பிச்சோம் லா. இனிமே அந்தப் பெட்டியத் திறக்கறதா இருந்தா என்னைக் கூப்பிட்டு வச்சுக்கிட்டுத் திற.”

“சரி அண்ணே,” என்றாள் நூர்ஜான். “அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு நீங்களும் என்னைக் கூப்பிடுங்க. ஒயர நான் பிடிச்சுக்கறேன். நீங்க நிம்மதியா ரெண்டு டிஸ்க்குக்கும் சந்தனப் பொட்டு வைங்க.”